முருகைக்கல்லோடு வந்தவர்கள்

எனக்கு எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. பன்னிரண்டு வருஷம் நெல்லிக்கானம் எஸ்டேட்டில் பூச்சி பார்க்கிற வேலையில் இருந்தேன். ஒரு செடியில் எத்தனை இலை பழுது, ஒரு தண்டில் எத்தனை துளை என்று எண்ணிச் சொல்வதுதான் வேலை. ஆறாம் நம்பர் மலையில் வழுக்கி விழுந்து முழங்கால் உடைந்த பிறகு, எஸ்டேட் மானேஜர் குரியன் தொரை என்னைத் தன் பங்களாவில் கூட்டிப் பெருக்கப் போட்டார். கால்தான் உடைந்தது, கண்ணும் புத்தியும் பழைய இடத்திலேயே இருந்தன. வேலுத்தாய் வந்தால் அடுப்படியில் கடுகைக்கூட எண்ணுவாள் என்று ஆட்கள் கேலி செய்வார்கள். நான் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எழுபத்து நாலில் தொரைக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. முன் ஹாலில் ஆறடி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வைத்தார். வண்டிப்பெரியாரிலிருந்து தேயிலையை ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போன லாரி, திரும்பும்போது கேன் கேனாகக் கடல்தண்ணீரை ஏற்றிக்கொண்டு வந்தது. தூத்துக்குடியில் துறைமுகத்து வேலையில் இருந்த அவருடைய சிநேகிதர் மீன்களை அனுப்பினார். மஞ்சளில் ஒன்று, நீலக்கோடு போட்டது ஒன்று என்று பெருவிரல் நீளத்தில் மொத்தம் பதினொரு மீன். தொரையம்மா பிள்ளைகள் படிப்புக்காகக் கோட்டயத்தில் இருந்தார். அதனால் பங்களாவில் தொரையும், சமையல்காரர் சூசையப்பனும், நானும்தான். விடிகாலையில் பிரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்திக் கங்காணி பேர் போடுகிற மாதிரி, காலையும் மாலையும் மீனை எண்ணிச் சொல்கிற வேலையும் என் தலையில் விழுந்தது.

ஒரு மாசம் கழித்து ஈரச்சாக்கில் சுற்றி நாலைந்து முருகைக்கல் வந்தது. கடலுக்கடியில் வளர்கிற கல். தூத்துக்குடிப் பக்கம் அதைச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்குவார்களாம். இங்கே அதற்குக் கண்ணாடி மாளிகை. கல் முழுக்க ஓட்டை, இட்லியைக் கரையான் அரித்தால் எப்படி இருக்கும், அப்படி.

சூசையப்பன் அண்ணன் அதைப் பார்த்ததும் சொன்னார்: “எங்கப்பன் சொல்லுவாரு தொரை, முருகைக்கல்ல யாரும் காலி வீடாத் தூக்கிட்டு வர முடியாதுன்னு. குடியிருக்கிறவனும் கூடயே வந்துருவான்.”

அது சரியாகவே இருந்தது. நாலாம் நாளிலிருந்து ஒவ்வொருவராகத் தலையை நீட்டினார்கள். ஒரு ஓட்டையிலிருந்து விசிறி மாதிரி எதையோ விரித்தபடி ஒரு புழு. வாலையே ஐந்து காலாக வைத்துக்கொண்டு நெளிகிற ஒரு நட்சத்திரம். கறிவேப்பிலைக் கொட்டை அளவில் நத்தைகள். காலெல்லாம் மயிர் முளைத்த ஒரு நண்டு. குமுளி பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் ஏறிப் பின்சீட்டில் பதுங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. தொரை பூதக்கண்ணாடியையும் படம் போட்ட தடிப்புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, இவன் யார், அவன் யார் என்று பேர் கண்டுபிடிப்பார். யார் நல்லவன், யார் கெட்டவன் என்று நான் பார்ப்பேன். யாருமே நல்லவனாகத் தெரியவில்லை.

கல் வந்த மூன்றாம் வாரம் மீன் பத்தாயிற்று.

செத்து மிதக்கவில்லை. வெளியே துள்ளி விழவுமில்லை, நான் தரையெல்லாம் தேடிவிட்டேன். நண்டுதான் என்றேன். மயிர் முளைத்த காலும் முழியும், பார்த்தாலே தெரியவில்லையா? தொரை புத்தகத்தைப் புரட்டிவிட்டு ஆமாம், இருக்கலாம் என்றார். இடுக்கியால் பிடித்து ஸ்பிரிட் பாட்டிலில் போட்டார். ஒன்பது நாள் கழித்து மீன் ஒன்பதாயிற்று. ஐந்துகால் நட்சத்திரத்தின் மேல் கையைக் காட்டினேன். அதுவும் பாட்டிலுக்குப் போயிற்று. அடுத்த வாரம் மீன் எட்டு.

எட்டுக்காலையும் பார்த்தாயிற்று, ஐந்துகாலையும் பார்த்தாயிற்று. மிச்சம் ரெண்டுகால்தான் என்று என் புத்தி சொன்னது.

பங்களாவில் ரெண்டுகாலோடு இருந்தது மூன்று பேர். தன் மீனைத் தொரையே திருட மாட்டார். நான் திருடவில்லை என்பது எனக்குத் தெரியும். கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்தது. சூசையப்பன் அண்ணன் மேல் எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. கால் உடைந்து கிடந்தபோது லயத்து வரிசையில் இருக்கிற என் வீட்டுக்கு ரசம் கொண்டுவந்து கொடுத்த மனுஷன். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் ரசமாவது பாயசமாவது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

அவருடைய பூர்வீகம் தூத்துக்குடிக் கடற்கரை. மீன் இனம் என்றால் அவர் கை சும்மா இருக்குமா? தொட்டி மீனுக்கு மத்தி நறுக்கிப் போடுகிறேன் என்று தினமும் அடுப்படியில் செதிலோடு உட்கார்ந்திருப்பார், அதில் எது எந்தச் செதில் என்று யார் கண்டது? மலைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட் தொரையும் இதேபோல ஒரு தொட்டி கட்டுகிறார் என்ற பேச்சு வேறு இருந்தது. விற்க இடமும் அமைந்துவிட்டது. எல்லாவற்றையும்விட, சாயங்காலம் நான் வராந்தாவில் கூட்டிக்கொண்டிருக்கும்போது ஹாலுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். தொட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கி வைத்தால் வருகிற மாதிரி. எட்டிப் பார்த்தால் அண்ணன் தொட்டி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

“என்னண்ணே, இங்க நிக்கிய?”

“சும்மாத்தான் தாயி.”

சும்மா நிற்கிறவனைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

தொரையிடம் போய்ச் சொன்னேன். “நான் கண்ணால பாக்கல தொரை. ஆனா மூடி தொறக்க சத்தம் கேக்கு, வந்து பாத்தா அண்ணன் நிக்காரு.”

“எத்தற தடவை?”

“மூணு தடவை. மூணு தடவையும் மறுநாள் மீனு கொறஞ்சிருக்கு.”

உண்மையில் இரண்டு தடவைதான். மூன்று என்பது வாயில் வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க எண்ணியே பிழைத்தவள், எண்ண வேண்டிய இடத்தில் ஒன்றைக் கூட்டிச் சொன்னேன். கணக்கு நேராக இருந்தால் தொரை நம்புவார் என்று தோன்றியது. நம்பினார்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் கத்தவில்லை, அழவுமில்லை. “நான் எடுக்கல தொரை. கல்லுக்குள்ள இன்னும் ஒருத்தன் இருக்கான். சத்தம் மூடியிலருந்து வரல, கல்லுக்குள்ளருந்துதான் வருது. அவன் யாருன்னு பாக்கத்தான் நின்னேன்” என்றார்.

“கல்லு மீனத் தின்னுமோ?” என்றார் தொரை.

நான் சிரித்துவிட்டேன். மாட்டிக்கொண்ட கள்ளன் கல்லைக் கைகாட்டுகிறான் பார் என்று நினைத்தேன். உண்மை அவர் வாயிலிருந்து வந்ததாலேயே அது எனக்குப் பொய்யாகப் பட்டது.

வேலை போனால் பங்களாவின் பின்கட்டு அறையும் போகும். திருட்டுப் பேரோடு போன சமையல்காரனை இந்த மலையில் வேறெந்தத் தொரையும் சேர்க்க மாட்டார். கிளப்பில் தொரைகளுக்குள் முதல் பேச்சே அதுதான். அண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கொழுந்து மூட்டை தூக்கவும் முடியாது. அவர் மனைவி பிலோமி மலையில் கொழுந்து எடுக்கிறவள். அன்று சாயங்காலமே இருவரும் ஏற்கெனவே ஏழு பேர் இருந்த அவள் தங்கச்சியின் லயத்து வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் பிரட்டில் பிலோமி பேரைக் கூப்பிட்டபோது, பின்வரிசையிலிருந்து எவளோ “மீன் வாசம் அடிக்கு” என்று சொன்னாளாம். எல்லாரும் சிரித்தார்களாம். எனக்கு அதைச் சொன்னவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை மீன் ஏழு.

திரும்ப எண்ணினேன். இடமிருந்து, வலமிருந்து, கல்லுக்குப் பின்னால் குனிந்து. ஏழுதான். அண்ணன் போய் நாலு நாள் ஆகிறது. தொரை தன் மீனைத் திருட மாட்டார். அப்படியானால் ரெண்டுகாலில் மிச்சம் இருப்பது யார்?

ஹாலில் தொரை ஷூவை மாட்டிக்கொண்டே கேட்டார். “எந்தா வேலுத்தாய், எட்டும் உண்டோ?”

“எட்டும் இருக்கு தொரை.”

பயந்துவிட்டேன், வேறொன்றுமில்லை. இந்த உடைந்த காலோடு என்னையும் வெளியே போடு என்று சொன்னால் நான் எங்கே போவேன்? புதன்கிழமையும் எட்டு என்றேன். வியாழனும் எட்டு. என் வாயால் எட்டு என்று சொல்லும்போதெல்லாம் பிலோமியின் தங்கச்சி வீட்டுத் தகரக்கதவு எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொன்னேன்.

அந்த நாட்களில்தான் அண்ணன் நின்ற இடத்தில் நான் நின்றேன். அவர் நின்ற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு. வியாழக்கிழமை சாயங்காலம் ‘டக்’ என்றது. மூடி அசையவே இல்லை. என் கண்ணுக்கு முன்னால், ஒரு நத்தை இருந்த இடத்தில் பாதி நத்தைதான் இருந்தது.

அப்புறம்தான் எனக்கு என் பழைய வேலை ஞாபகம் வந்தது. நான் மகா புத்திசாலி, பங்களாவுக்கு வந்ததும் அதை வாசலிலேயே விட்டுவிட்டேன். தேயிலைத் தண்டைத் துளைக்கிற வண்டு கடுகளவுதான் இருக்கும், அதை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. ஒரு தண்டில் நூறு துளை இருந்தாலும் ஆள் இருக்கிற துளை எது என்று வாசலைப் பார்த்தே சொல்லிவிடலாம். வாசலில் புதுத்தூள் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறான், தூள் இல்லையென்றால் காலி வீடு. வெளியே உலாவுகிற நண்டையும் நட்சத்திரத்தையும் பிடித்தேனே தவிர, ஒரு வாசலையாவது பார்த்தேனா?

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க டார்ச்சை வைத்துக்கொண்டு கல் கல்லாகப் பார்த்தேன். நடுக்கல்லின் அடியில் சுண்டுவிரல் நுழைகிற ஒரு துளை. வாசல் சாணி தெளித்துக் கூட்டினது போலச் சுத்தம். ஒரு சாண் தள்ளி, உடைந்த நத்தை ஓடும் நண்டுக் காலும் ஒரு குவியல். வீட்டைப் பெருக்கிக் குப்பையை வெளியே தள்ளுகிற ஆள் உள்ளே இருந்தான்.

அவனை எப்படி வெளியே கொண்டுவருவது? கம்பியை விட்டுப் பார்த்தேன். உள்ளேயிருந்து ‘டக்’ என்று அடித்த அடியில் விரல் வரை அதிர்ந்தது. அன்று சாயங்காலம் லயத்துக்குப் போகிற வழியில் காலில் அட்டை ஏறியது. மடியிலிருந்த உப்பை எடுத்து வைத்தேன், சுருண்டு விழுந்தது. அட்டை விழுந்ததும் எனக்குப் புத்தி தெளிந்தது. நல்ல தண்ணீரில் பிறந்தது உப்பைக் கண்டால் ஓடுகிறது. உப்பில் பிறந்தது எதைக் கண்டால் ஓடும்?

சனிக்கிழமை தொரை மலைக்குப் போன பிறகு அந்தக் கல்லைத் தூக்கி அலுமினியச் சட்டியில் வைத்தேன். ஒரு செம்பு ஓடைத்தண்ணீரைத் துளைக்குள் ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் செம்புக்கு ஒருத்தன் வெளியே பாய்ந்தான்.

இறால் மாதிரி உடம்பு, பச்சை நிறம், என் நடுவிரல் நீளம். கண் இரண்டும் காம்பின் மேல் நின்று ஒன்று என்னையும் ஒன்று சுவரையும் பார்த்தது. முன்கை இரண்டையும் மடித்துக் கும்பிடுபூச்சி மாதிரி என்னைக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். இத்தனை மரியாதையான முகத்தை நான் அந்தத் தொட்டியில் பார்த்ததே இல்லை. கல்லில் வந்த அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தியிருந்தால் இவனைத்தான் நல்லவன் என்று சொல்லியிருப்பேன். எடுக்கப் போனேன். கும்பிட்ட கை எப்போது பிரிந்தது என்று தெரியாது, கட்டைவிரல் நகம் பிளந்து ரத்தம் கொட்டியது. அப்படியே ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடல்தண்ணீர் ஊற்றி அவனை உள்ளே தள்ளினேன். வலியை விட நிம்மதிதான் அதிகமாக இருந்தது, அது உண்மை.

மத்தியானம் வந்த தொரை பாட்டிலைப் பார்த்ததும் குழந்தை மாதிரி குதித்தார். புத்தகத்தைப் புரட்டி, இவன்தான், இவன்தான் என்று படத்தைக் குத்திக் காட்டினார். ஸ்பிரிட்டில் போடுவார் என்று நினைத்தேன். இல்லை. ஸ்டோரிலிருந்து பெரிய கண்ணாடி ஜாடி வந்தது. உள்ளே மணல் போட்டு, குடியிருக்க ஒரு துண்டுக் குழாயும் வைத்தார். தினம் ஒரு துண்டு மத்தி கொடுக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு.

“பாவம். அதோட சுபாவம் அது. அதை எப்படிக் குத்தம் சொல்லும்?” என்றார்.

“அப்ப சூசையப்பன் அண்ணன், தொரை?”

தொரையின் முகம் ஒரு நிமிஷம் ஒருமாதிரி ஆனது. “வரச் சொல்லு” என்றார், ஜாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல். மீனைத் தின்றவனுக்குத் தனி வீடு கிடைத்துவிட்டது. தின்னாதவர் ஏழு பேர் நடுவில் படுத்திருந்தார். எனக்குத் தொரை மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் ஆத்திரப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வண்டிப்பெரியாருக்குப் போய்ப் பூசை முடிகிற வரை கோயில் வாசலில் நின்றேன். பிலோமி என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டு நடந்தாள். நான் குறுக்கே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுப்போட்ட விரலையும் காட்டினேன். கூட நின்ற அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

“அவன் உசிரோட இருக்கானா?”

“இருக்கான் அண்ணே. ஜாடியில.”

“நான் அவன் மூஞ்சியப் பாத்ததே இல்ல” என்றார். “எங்கப்பன் கடலப் பத்திச் சொல்லிச் சொல்லியே செத்தாரு. நான் இந்த மலையிலேயே பொறந்து வளந்தவன். கடலு எப்படி இருக்கும்னு அந்தத் தொட்டியிலதான் தாயி பாத்தேன்.”

அப்போதுதான் சாயங்காலம் அவர் சும்மா நின்றதன் கணக்கு எனக்குப் புரிந்தது. கண்ணீர் வந்துவிட்டது. அழுதால் பிழைத்துவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ. பிலோமி விடவில்லை.

“ஏட்டி, எட்டு ஏழானது என்னைக்கு?”

நேற்று என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. “செவ்வாக்கிழமை” என்றேன்.

“இன்னைக்கு?”

“ஞாயித்துக்கிழமை.”

பிலோமி விரலை மடக்கினாள். நிதானமாக, நான் மீனை எண்ணுகிற மாதிரி. “அஞ்சு நாளு. எம் புருசன் கள்ளன் இல்லன்னு ஒனக்குத் தெரிஞ்சு அஞ்சு நாளு. அந்த அஞ்சு நாளும் பிரட்டுல என் மூக்கப் பாத்துச் சிரிச்சாளுவ.”

“பயந்துட்டேன் மதினி. என்னைய நெனைச்சிருவாங்களோன்னு…”

“நெனைச்சா எப்படி இருக்கும்னு எங்களக் கேட்டா சொல்லியிருப்போமே” என்றாள். “என் காதுல சொன்னது போதாது. பிரட்டுல வந்து சொல்லு.”

திங்கட்கிழமை சாரல் மழை. பேர் போட வந்த பழனிச்சாமிக் கங்காணி எனக்காக நோட்டை மூடிக்கொண்டு நின்றார். நூற்றிருபது பேர் முன்னால் சொன்னேன். மீன் எடுத்தது யார் என்று சொன்னேன். இரண்டை மூன்று என்று சொன்னதையும், ஏழை எட்டு என்று சொன்னதையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது முன்வரிசையில் ஒருத்தி, கூடையில் இருந்த தன் தூக்குச்சட்டியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள். இனி அவர்கள் என்னைப் பார்த்து எண்ணுவார்கள் என்று தெரிந்தது. எண்ணட்டும்.

பத்து மணிக்கு அண்ணன் பெட்டியோடு பின்கட்டுக்கு வந்தார். நேரே ஹாலுக்குப் போய் ஜாடி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ‘டக்’ என்றது. அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்துபோனது.

மறுநாள் காலை தொரை ஷூ மாட்டிக்கொண்டே வழக்கம்போலக் கேட்டார். “எந்தா வேலுத்தாய், எத்தற உண்டு?”

“நான் எண்ணல தொரை. இனிமே வேற யாரையாச்சும் எண்ணச் சொல்லுங்க.”

அண்ணன் டீத்தட்டைக் கொண்டுவந்து முக்காலியில் வைத்தார். திரும்பி வந்த பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்; என்னைப் பார்க்காமல், கப்பில் டீயை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

“எண்ணு தாயி. ஆனா கொறஞ்சா அன்னைக்கே சொல்லு.”